ராசிபுரத்துக்குப் புறப்பட்ட வீடு

காலைக் காப்பியை ஆற்றிக்கொண்டே நாச்சிமுத்து ஒரு செய்தியையும் இறக்கி வைத்தார். குப்பாயி குடியிருக்கும் வீட்டுக்கு இன்றைக்குச் சக்கரம் மாட்டப் போகிறார்கள்.

சௌந்திரம் அப்போதுதான் பாலை அடுப்பிலிருந்து இறக்கினாள். இறக்கியதைத் திரும்ப அடுப்பிலேயே வைத்தாள்.

“என்ன சொன்னீங்க?”

“ராசிபுரத்து மாரியப்பன் புதுச் சேசு எடுத்திருக்கறான் புள்ள. நாளைக்கு நல்ல நாளாம். மொத லோடு நெய் டின் ஏத்தோணுமாம். பாடி கட்டறதுக்கு நேரமில்லீன்னான். கட்டுன பாடியே ஒண்ணு சும்மா கெடக்குது, தூக்கி வெச்சுக்கிட்டுப் போன்னுட்டேன்.”

“சும்மாவா கெடக்குது?”

நாச்சிமுத்து காப்பி இன்னும் சூடாக இருப்பதுபோல் ஊதினார்.

சும்மா கிடக்கவில்லை என்பது போன வாரம் வரை கூட வந்தவர்களுக்குத் தெரியும். நடுவழியில் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர் நாச்சிமுத்து. சேசு என்பது எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள எலும்புக்கூடு. அதன் மேல் டிரைவர் உட்காரும் கேபினையும் சரக்கேற்றும் பெட்டியையும் மரத்தில் கட்டி உட்கார வைத்தால் லாரி. முன்பொரு சமயம் மேச்சேரியிலிருந்து அண்ணன் தம்பி இருவர் கூட்டாக ஒரு சேசைக் கொண்டுவந்து விட்டார்கள். பாடி முடிகிற சமயத்தில் அவர்களுக்குள் பாகப்பிரிவினை வந்தது. பஞ்சாயத்து மிகவும் நியாயமாக நடந்தது. அண்ணனுக்குச் சேசு, தம்பிக்குப் பாடி. அண்ணன் தன் பங்கை ஓட்டிக்கொண்டு போனார். தம்பி தன் பங்கைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, “நீங்களே வெச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அந்தப் பாடி, கட்டிய இடத்திலேயே, வேப்பமரத்தை ஒட்டிய இரும்புச் சட்டத்துக்குக் கீழே செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. போன மழையில் ஏரிக்கரைக் குடிசைகள் கரைந்து போனபோது, பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த கடலை விற்கும் குப்பாயியைச் சௌந்திரம்தான் கூட்டிக்கொண்டு வந்து அதில் குடி வைத்தாள். குப்பாயிக்குப் பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கேபின் குப்பாயிக்கு. தார்ப்பாய் போர்த்திய பெட்டி மற்றவர்களுக்கு.

அதிலிருந்து முளைத்ததுதான் வேப்பமரத்தடி மன்றம். மன்றத்துக்கு மூன்று வேலை. படுக்க இடமில்லாதவர்களுக்கு இடம் கொடுப்பது. வரையவும் வாசிக்கவும் தெரிந்து அதைக் காட்ட இடமில்லாதவர்களுக்கும் இடம் கொடுப்பது. மூன்றாவது, நகராட்சிக்கு மனுக் கொடுப்பது. முதல் இரண்டும் பட்டறையில் நடந்தன. மூன்றாவது நகராட்சியில் நடக்க வேண்டியது, நடந்துகொண்டே இருந்தது.

மன்றத்தின் தலைவி சௌந்திரம். தலைவர் தேர்தல் நடந்தபோது அவள் எல்லோருக்கும் கம்மங்கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லச் சொம்பைக் கீழே வைப்பதற்குள் கை தட்டி முடித்துவிட்டார்கள். செயலாளர் அவள் தம்பி சரவணமுத்து. லாரிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பூவும் அன்னமும் எழுதும் ஆர்ட்டிஸ்ட்.

வெகு வருஷத்துக்கு அப்புறம் நகராட்சித் தேர்தல் வரப்போவதாகப் பேச்சு. வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் வேண்டும் என்று குப்பாயி மனுவோடு போகும்போதெல்லாம், மேஜைக்கு மேஜை ஒரே கேள்விதான் கேட்டார்கள். “உம் பேரு லிஸ்டுல இருக்குதா?” பேர் ஏற வீடு வேண்டும். வீட்டுக்குக் கதவு எண் வேண்டும். சரவணமுத்து ஆபீஸ் படியெல்லாம் ஏறி, நாச்சிமுத்துவின் வீடு ஒன்பதுக்குப் பக்கத்தில் ‘9/ஏ’ என்று ஒரு எண்ணை வாங்கியே விட்டான். பட்டியல் அதிகாரி நேரில் வந்து வீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் தீர்ந்தது. அவர் வரும் நாள் இன்று. இன்றோடு அந்தத் தெருவில் அவர் வேலை முடிகிறது.

“உங்க பேரு ஏறும். நானாச்சு” என்று சௌந்திரம் குப்பாயிக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று காலையில் அந்த வாக்குக்கு அடியிலிருந்து வீட்டை உருவுகிறார் அவள் வீட்டுக்காரர்.

பால் பொங்கி வழிந்தது. வழக்கமாக அதற்கு ஒரு கூச்சல் போடுவாள். இன்று பேசாமல் துடைத்தாள். நாச்சிமுத்துவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

“இங்க பாரு புள்ள. நானும் மாரியப்பனுக்கு வாக்குக் குடுத்துட்டேன். ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு சொல்றேன். சேசு மொதல்ல வந்துச்சுன்னா பாடி சேசுக்கு. உன்ற ஆபீசரு மொதல்ல வந்துட்டா, அந்தச் சனத்துக்கு ஊடு என்ற பொறுப்பு. மாரியப்பன நான் பாத்துக்கறேன்.”

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நான் என்னைக்குப் பேச்சு மாறியிருக்கறேன்?”

மாறியதில்லை. மாரியப்பன் விடியற்காலையிலேயே சேசோடு கிளம்பிவிட்டான் என்பது தெரிந்ததால்தான் இவ்வளவு தாராளமாகப் பேசுகிறார் என்பதும் சௌந்திரத்துக்குத் தெரிந்தது. அரசாங்கத்து ஆள் எப்போது காலையில் வந்திருக்கிறார்?

அவள் பின்வாசல் வழியாகத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“சரவணா, சைக்கிளை எடு. அந்த லிஸ்டு எடுக்கற வாத்தியாரு எந்தத் தெருவுல இருந்தாலும் கையோட கூட்டிக்கிட்டு வா.”

“கையோட வல்லீன்னா?”

“காலோடயாவது வரட்டும். போடா.”

சரவணமுத்து தெருமுனை திரும்பவும், எதிர்ப்பக்கத்திலிருந்து சேசு உள்ளே வரவும் சரியாக இருந்தது.

கேபின் இல்லாத வண்டியில் டிரைவர் உட்கார ஒரு மரப்பெட்டியைக் கட்டியிருந்தார்கள். அதன் மேல் மாரியப்பன், தலையில் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, உடம்பு முழுக்கப் புழுதி. மாவு மில்லிலிருந்து தப்பி வந்தவன் மாதிரி இறங்கினான். கண்ணாடியைக் கழற்றியபோது, கண்ணைச் சுற்றி மட்டும் அவன் சொந்த நிறம் இருந்தது.

“வந்துட்டனுங்கண்ணா. தூக்கீரலாங்களா?”

“தூக்கீரலாம், தூக்கீரலாம்” என்று நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஆசாரிகள் செயின் பிளாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாலு மூலையிலும் சங்கிலி போட்டு இழுத்தால் யானையையே தூக்கும் சாமான் அது.

“ஏனுங்க தம்பி” என்று சௌந்திரம் வாசலுக்கு வந்தாள். “மூஞ்சி கை கால் கழுவுங்க. இலை போட்டாச்சு.”

“இல்லீங்கக்கா, காலைலயே சாப்புட்டுட்டனுங்க.”

“எங்க ஊட்டுல சாப்புடலீங்களே.”

இதற்கு மேல் மறுக்க, சேலம் ஜில்லாவில் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. மாரியப்பன் முகம் கழுவினான்.

இலை போட்டாச்சு என்றாளே தவிர, போடவில்லை. இலை மரத்தில் இருந்தது. கோழி கூரை மேல் இருந்தது. இரண்டையும் இறக்கிச் சமைத்து முடிப்பதற்குள் மாரியப்பன் பட்டறையை மூன்று சுற்று சுற்றிவிட்டான். அந்த நேரத்தில் நாச்சிமுத்துவின் அண்ணன் சென்னியப்பன், பக்கத்து வீட்டிலிருந்து சலவை வேட்டியோடு வந்து சேர்ந்தார். தேர்தல் தேதியே இன்னும் வரவில்லை. அவர் அதற்குள் வார்டு மெம்பர் ஆகிவிட்ட மாதிரியே நடந்துகொண்டிருந்தார். எதிர்த்து நிற்க ஆளே இல்லாதபோது நடையை மாற்றிக்கொள்வதில் தப்பில்லைதான்.

“ஏண்டா நாச்சி, நம்ம மன்றத்துல எத்தன ஓட்டுத் தேறும்?”

“ஊடு இன்னைக்குப் போவுதுண்ணா. ஓட்டு எப்பிடித் தேறும்?”

“அடப்பாவி. என்ற ஓட்டுமேல குடியிருந்த ஊட்டையா வித்துப்போட்ட?” என்றார் சென்னியப்பன். மன்றத்தை முதன்முதலாக அவர் ‘நம்ம மன்றம்’ என்று சொன்னதை உள்ளிருந்து சௌந்திரம் கேட்டுக்கொண்டாள். அவர் சலவை கசங்காமல் திரும்பிப் போனார்.

பிறகு சாப்பாடு.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. விருந்தாளி சாப்பிட்டு முடிக்கும் முன் வீட்டுக்காரர் இலையை விட்டு எழக்கூடாது. வீட்டுக்காரர் கை நனைந்திருக்கும்போது விருந்தாளியும் எழக்கூடாது. நல்ல முறை. அதை யாரும் ஆயுதமாகப் பார்த்ததில்லை. சௌந்திரம் இன்று பார்த்தாள்.

மாரியப்பன் முடிக்கப்போகும் நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் இலையில் சோறு வைத்தாள். அவர் முடிக்கப்போகும் நேரம் பார்த்து மாரியப்பன் இலையில் கோழியின் தொடையை வைத்தாள். இவர் அவனுக்காக உட்கார்ந்திருந்தார். அவன் இவருக்காக உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒருவரையொருவர் மரியாதையோடு பார்த்துக்கொண்டே மூச்சு முட்டினார்கள்.

“அக்கா, போதுங்கக்கா.”

“இளந்தாரிப் பையன், என்ன சாப்புட்டுட்டீங்க? ஏனுங்க, நீங்க சொல்லக் கூடாதா? நீங்க சாப்புட்டாத்தான தம்பி கூச்சப்படாம சாப்புடும்.”

நாச்சிமுத்து மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவளுடைய கைப்பக்குவத்தைக் கண்டு நடுங்கிய பார்வை. அவள் ரசத்துக்காக உள்ளே திரும்பிய நொடியில், “மாரியப்பா, மூடு” என்றார். இரண்டு இலையும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. ரசக் கிண்ணத்தோடு சௌந்திரம் வெளியே வந்தபோது பந்தி காலி.

தெருவில் சரவணமுத்துவும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

பட்டறையில் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. முதலில் பெட்டி எழும்பியது. சேசை அடியில் விட்டு அதை உட்கார வைத்தார்கள். அடுத்தது கேபின்.

குப்பாயி தன் மூட்டையோடும் அடுப்போடும் வேப்பமரத்தடியில் நின்றாள். அறுபதை நெருங்கும் உடம்பு. அழுகிற பழக்கம் அதற்கு இல்லை. தன் வீடு தலைக்கு மேல் போவதை அண்ணாந்து பார்த்தாள்.

“ஆசாரி, பாத்து சாமி. உள்ள தோசை மாவு இருக்குது. சாய்ச்சுப்போடாதீங்க.”

“எறக்கி எடுத்துட்டுத் தூக்கறது?”

“அம்மிணிதான் ஊடு இருக்கும்னு சொல்லிச்சு. அதான் காலைல கரைச்சு வெச்சேன்.”

அந்த மாவு சௌந்திரத்தின் நெஞ்சில் போய்ப் புளித்தது. அவள் குப்பாயியின் பக்கத்தில் போய் நின்றாள். 

பெட்டிக்குள் குடியிருந்தவர்களில் ஒருவரான வெங்கடாசலம் பம்பை வாசிப்பவர். மாரியம்மன் பண்டிகை மாதங்களில் ஊர் ஊராகத் தேடுவார்கள். மற்ற மாதங்களில் அவர்தான் ஊர் ஊராகத் தேடுவார். வீடு எழும்புவதைச் சும்மா பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. பம்பையைத் தோளில் மாட்டி, சாமி புறப்பாட்டுக்கு அடிக்கிற அடியை அடித்தார். தெருவோடு போன இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். கும்பிட்ட பிறகுதான் அது கேபின் என்று தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பாதி வீடு லாரியாகிவிட்டது, மீதி வீடு ஆகாயத்தில் தொங்குகிறது என்ற கட்டத்தில் இரண்டு சைக்கிள்கள் உள்ளே வந்தன.

சரவணமுத்துவுக்குப் பின்னால் வந்தவர் அருணகிரி. பட்டியல் வேலைக்கு அனுப்பப்பட்ட ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். சட்டைப் பையில் சாக்பீஸ் எட்டிப் பார்த்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு அவரும் எல்லோரையும் போல அண்ணாந்து பார்த்தார்.

“இதாம்மா அந்த வீடு?”

“இதேதானுங்க” என்றாள் சௌந்திரம்.

“தரையில இல்லையே.”

“கொஞ்ச நேரத்துக்கு முன்னால இருந்துச்சுங்க.”

அருணகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நான் காலைலயே இங்க வந்துட்டுப் போயிட்டேன்மா. வெயில் ஏறுறதுக்கு முன்னால. மரத்தடியில ஒரு லாரி நின்னுது. உள்ள ஒரு அம்மா தலை வாரிக்கிட்டு இருந்தாங்க. டிரைவர் வீட்டம்மா போலன்னு நெனச்சேன். கதவுல நம்பர் இருக்கான்னு பார்த்தேன். இல்ல. ‘வீடு காணப்படவில்லை’ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டேன்.”

சௌந்திரம் தம்பி பக்கம் திரும்பினாள்.

“நம்பரை எங்கடா எழுதுன?”

“பின்னாலக்கா. டெயில் போர்டுல.”

“கதவு எண்ணைக் கதவுல எழுதாம?”

“என்னக்கா பேசற” என்றான் சரவணமுத்து, தொழில் தெரியாதவர்களிடம் பேசும் பொறுமையோடு. “நம்பரு பின்னால இருந்தாத்தான பின்னால வாரவனுக்குத் தெரியும்?”

பாடியின் பின்பக்கத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் சந்துதான் இருந்தது. அங்கே பின்னால் வரக்கூடியவன் அதை எழுதிய சரவணமுத்து ஒருவன்தான். இப்போது பெட்டி சேசின் மேல் முன்னால் நகர்ந்திருந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு அன்னங்களுக்கு நடுவில், ஒரு தாமரையின் மேல், நிழல் வைத்த எழுத்தில் ‘கதவு எண் 9/ஏ’. அழகான எழுத்து என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சௌந்திரத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கோழி போச்சு, வீடு போச்சு. ஆனால் அவள் கணவர் முகத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. புளியேப்பத்துக்கும் யோசனைக்கும் நடுவிலான ஒன்று.

“வாத்தியாரே” என்றார் நாச்சிமுத்து. “எப்ப வந்தேன்னு சொன்னீங்க?”

“காலைலங்க. உங்க ஆளுங்க யாரும் வரல. ஒருத்தங்க மட்டும் பட்டறை பெருக்கிக்கிட்டு இருந்தாங்க.”

“அப்ப சேசு வந்திருந்துச்சா?”

“எந்தச் சேசு? நான் பார்க்கலையே.”

 யார் முதலில் வந்தால் வீடு யாருக்கு என்று காலையில் அடுப்படியில் சொன்ன பேச்சு, சொன்னவருக்கும் கேட்டவளுக்கும் மட்டும் தெரியும். சௌந்திரம் அதை நினைவுபடுத்தவில்லை. கணவரைப் பார்க்கக்கூட இல்லை. வேப்பமரத்தை மட்டும் பார்த்தாள். பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

“நாளைக்கு மொத லோடுங்கண்ணா” என்றான் மாரியப்பன், சேதி ஏதோ தனக்கு எதிராகத் திரும்புகிறது என்று வயிற்றில் உணர்ந்து. வயிற்றில் வேறு எதற்கும் இடமில்லை.

சங்கிலியைப் பிடித்திருந்த ஆசாரி மேலிருந்து கேட்டார். “அண்ணா, செங்கல் மேல எறக்கறதா, சேசு மேல எறக்கறதா? கை உட்டுப்போகுது.”

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“சேசு மேல எறக்கு.”

கேபின் இறங்கியது. சௌந்திரத்தின் முகமும் கூடவே இறங்கியது. குப்பாயி, “மாவு” என்றாள். ஒருவர் ஏறி மாவுச் சட்டியை எடுத்துக் கொடுத்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“வாத்தியாரே” என்றார் நாச்சிமுத்து மறுபடியும். “அந்த ஒன்பது ஏயை அடிச்சுப்போடுங்க.”

“அடிச்சிட்டேன்.”

“இவங்க பேரையெல்லாம் ஒன்பதுல எழுதிக்கங்க.”

அருணகிரியின் பேனா நின்றது. “ஒன்பது உங்க சொந்த வீடுங்க.”

“தெரியுமுங்க. கட்டுனது நாந்தான். தெருப்பக்கத்து ரூம்லயும் அதுக்குப் பின்னால இருக்கற ரூம்லயும் தேக்குப் பலகை அடுக்கி வெச்சிருக்கறேன். இன்னைக்குப் பலகையத் தூக்கி வெளிய போட்டுடறேன். அதுல குடியிருக்கட்டும்.”

“பலகை நனைஞ்சிடாதா?”

“நனைஞ்சாக் காயும்.”

சௌந்திரம் அவரைப் பார்த்தாள். தேக்கின் மேல் வெயில் பட்டாலே ஆசாரியைத் திட்டுகிற மனுஷர். தூறல் வந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பலகைக்குப் போர்வை தேடுகிறவர். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அடுப்புப் புகை என்று சொல்லப் பக்கத்தில் அடுப்பு எரியவில்லை. குப்பாயியின் அணைந்த அடுப்புதான் இருந்தது.

அருணகிரி எழுத ஆரம்பித்தார். முதல் பேர் குப்பாயி. எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

இது கஷ்டமான கேள்வி. சங்கிலிக்காரர்கள்கூட இறங்கி வந்து நின்றார்கள். நாச்சிமுத்துவின் வீடு, பூமி காடு என்று பேர் சொல்லும் வீடு. அங்கே சொந்தம் என்றால் பாட்டன் பூட்டன் வரை கேட்டுத்தான் பாயைப் போடுவார்கள். குப்பாயி அவரை இத்தனை நாளும் எட்ட நின்றே ‘சாமி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளை எப்படியும் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பதோடு சரி.

“சின்னம்மான்னு போட்டுக்கங்க” என்றார் நாச்சிமுத்து.

குப்பாயி மாவுச் சட்டியைக் கீழே வைத்தாள். 

அருணகிரி எழுதவில்லை. “இல்லைங்க, அந்த மாதிரி ஒரு கட்டமே இதுல கிடையாது. அப்பா பேரோ வீட்டுக்காரர் பேரோ போட்டாப் போதும். நான் சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்.”

நாச்சிமுத்து சொன்னதைத் திரும்ப வாங்க ஒரு வழி இருந்ததா என்று தேடினார் போலிருந்தது. இல்லை. பட்டறையே கேட்டுவிட்டது.

முதலில் சிரித்தது குப்பாயிதான். பொக்கை தெரியச் சிரித்தாள்.

“சின்னம்மான்னா, இனிமே நான் அதட்டுவேன் சாமி.”

“அதட்டு.”

“மொதல்ல அந்தப் பலகைய ஒழுங்கா மூடி வை. மழை வார மாதிரி இருக்குது.”

அதன் பிறகு பட்டறையில் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கணக்கே இல்லாமல் போயிற்று. வெங்கடாசலம், “அப்ப நான் என்ன மொறைங்க?” என்று கேட்டார். “நீ பங்காளி. பாகம் மட்டும் கேக்காத” என்றார் நாச்சிமுத்து. பெட்டியில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேர் சொன்னார்கள். அப்பன் பேரை மறந்துபோயிருந்த ஒருவருக்குச் சரவணமுத்து நல்ல பேராக ஒன்று யோசித்துக் கொடுக்க முன்வந்தான். வாத்தியார் மறுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே நினைவு வந்துவிட்டது.

சௌந்திரம் எல்லோருக்கும் ரசம் ஊற்றினாள். மத்தியானம் யாரும் குடிக்காத ரசம். அருணகிரி இரண்டு டம்ளர் குடித்தார்.

மாரியப்பன் தன் லாரியைப் பின்னால் போய்ப் பார்த்தான். சரவணமுத்து பிரஷ்ஷும் கறுப்பு டப்பாவுமாக ஓடி வந்தான்.

“அந்தக் கதவு எண்ணை அழிச்சுக் குடுத்தர்றனுங்க.”

“வேண்டாமுங்க. இருக்கட்டும்.” மாரியப்பன் தாமரையைத் தடவிப் பார்த்தான். “ஊடா இருந்த வண்டி. ராசிதான்.”

போக்குவரத்து அதிகாரிகள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது மாரியப்பன் பாடு. அவன் மரப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, கேபினுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினான். 9/ஏ ராசிபுரம் ரோட்டில் திரும்பி மறைந்தது. அதில் குடியிருந்தவர்கள் கை காட்டினார்கள்.

சேதி பக்கத்து வீட்டுக்குப் போக வெகு நேரம் ஆகவில்லை. சென்னியப்பன் தோளில் புதுத் துண்டோடு வந்தார்.

“பாத்தீங்களா, என்ற தம்பிய” என்று பொதுவில் சொன்னார். “பன்னெண்டு ஓட்டு. அதுவும் நம்ம ஊட்டுக்குள்ளயே. எல்லாரும் நல்லா இருங்க.”

அருணகிரி பட்டியலை மடித்துக்கொண்டிருந்தார். குப்பாயி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஏனுங்க வாத்தியாரே. ஓட்டுப் போடறவங்க பேரு இதுல இருக்கோணும். சரி. எலெக்ஷனுக்கு நிக்கறவங்க பேரு எதுல இருக்கோணும்?”

“அதுக்கும் இதுல இருந்தாப் போதும்மா. அப்புறம் வார்டுல பேரு இருக்கிற ஒருத்தர் முன்மொழியணும்.”

“யாரு வேணா நிக்கலாமா?”

“யார் வேணும்னாலும்.”

“கடலை விக்கறவங்களும்?”

சென்னியப்பன் முதலில் சிரித்தார். நல்ல சிரிப்பு, வயிறு குலுங்கியது. குப்பாயி சிரிக்கவில்லை. அதைப் பார்க்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“கக்கூஸ் வேணும்னு மனுக் குடுத்தேன் சாமி” என்றாள் அவரிடம். சண்டைக்காரக் குரல் இல்லை. மாவுக்கு உப்புப் பார்க்கிற குரல். “பேரு இருக்குதான்னு கேட்டாங்க. இப்ப இருக்குது. மனுவும் நாலஞ்சு குடுத்துப் பாத்தாச்சு. இனி மனு வாங்கற பக்கம் போயி உக்காந்து பாக்கலாம்னு ஒரு ரோசனை.”

“முன்மொழிய ஆளு வேணுமாமே” என்றார் சென்னியப்பன். “வார்டுல எனக்கு எதிரா எவன் கையெழுத்துப் போடுவான்?”

‘எவன்’ என்று கேட்டதால், ஆண்கள் எல்லோரும் அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கணவனின் அண்ணன் இருக்கும் இடத்தில் சௌந்திரம் குரல் எழுப்பிப் பேசியதில்லை. சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பக்கத்துக் கதவைப் பார்த்துச் சொல்வாள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். இப்போது அவள் நின்றது வெட்டவெளி. பக்கத்தில் ஒரு கதவும் இல்லை.

“வாத்தியாரே” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. “முன்மொழியறவங்க கையெழுத்துப் போட்டாப் போதுங்களா, இல்ல நேர்ல ஆபீசுக்கு வரோணுங்களா?”

சென்னியப்பனின் தோளிலிருந்து புதுத் துண்டு நழுவியது. அருணகிரி அவரைப் பார்த்தார், சௌந்திரத்தைப் பார்த்தார், கடைசியில் வீட்டுக்காரர் என்ற முறையில் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

நாச்சிமுத்து அண்ணனைப் பார்க்கவில்லை. தேக்குப் பலகையின் ஒரு முனையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

“என்னை எதுக்குங்க பாக்கறீங்க? கேட்டவங்களுக்குப் பதில் சொல்லுங்க.”